‘பரம்பரையில் இருக்கிறது’ என்ற பேச்சும் பழ ஈ தரும் விளக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் பெருகிவருவது குறித்துத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையையும், அதையொட்டி வாசகர் பகுதியில் வந்த இரண்டு கடிதங்களையும் படித்தேன். ஒருவர், இந்நோய் பரம்பரையாக வருவதால் வாயைக் கட்டுவதில் பயனில்லை, வர வேண்டியது வந்தே தீரும் என்று எழுதியிருந்தார். மற்றவர், பழ ஈக்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சி பற்றிக் கட்டுரையில் வந்திருந்த இரண்டு வரிகளைச் சுட்டிக்காட்டி, வாழைப்பழத்தை மொய்க்கும் பூச்சியிடமிருந்து மனிதனின் நோயைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும், மக்கள் வரிப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று கேட்டிருந்தார். முதலாமவருக்குச் சொல்ல வேண்டிய பதில், இரண்டாமவர் ஏளனம் செய்த அந்த ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. ஆகவே இருவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். காரைக்குடி வட்டாரத்தில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன், ஆய்வுக்கூடத்தில் இந்த ஈக்களை வளர்த்துப் பழகியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. மருத்துவன் அல்லேன்.

எந்த ஈ என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் பழ ஈ என்று குறிப்பிடுவது, காய்க்குள் முட்டையிட்டுச் சதையைப் புழுக்க வைக்கும், ஏறக்குறைய வீட்டு ஈயின் அளவுள்ள பூச்சியை. அதைப் பிடிப்பதற்குத்தான் வேளாண் துறையினர் மீத்தைல் யூஜினால் பொறிகளைக் கட்டச் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்து ஈ வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. கல்யாண வீட்டில் கட்டித் தொங்கவிட்ட வாழைத்தார் கனிந்து கறுக்கத் தொடங்கியதும் எங்கிருந்தோ வந்து மொய்க்கிறதே, மூன்று மில்லிமீட்டர்கூட நீளமில்லாத, செங்கண் கொண்ட பூச்சி, அதுதான் டிரோசோபிலா மெலனோகாஸ்டர். நல்ல பழத்தை அது கெடுப்பதில்லை. புளிக்கத் தொடங்கிய பழத்தில் வளரும் ஈஸ்ட்டே அதன் முதன்மையான உணவு. 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் போதும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910இல் வெள்ளைக்கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டு ஆராய்ந்ததிலிருந்துதான் மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்பது உறுதிப்பட்டது. அவருக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஈயின் மரபணுத் தொகுதி 2000ஆம் ஆண்டில் வெளியானபோது, நான்கே இணைக் குரோமோசோம்களில் ஏறத்தாழ 14,000 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. மனிதரில் நோயோடு தொடர்புடையவை என்று அறியப்பட்ட மரபணுக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்கு இந்த ஈயிடம் இணை மரபணு இருப்பதாக அடுத்த ஆண்டே கணக்கிட்டார்கள்.

இனி வளர்சிதை மாற்றத்துக்கு வருகிறேன். ஈக்குக் கணையம் இல்லை, ஆனால் இன்சுலின் உண்டு. அதன் மூளையின் முன்புறத்தில், பக்கத்துக்கு ஏழாக ஏறத்தாழ 14 நரம்பணுக்கள் இன்சுலினை ஒத்த புரதங்களைச் சுரக்கின்றன. ஈக்குக் கல்லீரல் இல்லை. ஆனால் கொழுப்புடலம் என்ற திசு, கல்லீரலும் கொழுப்புத் திசுவும் நம் உடலில் பங்கிட்டுக்கொள்ளும் வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. இரத்தத்தின் இடத்தில் அதற்கு இருக்கும் உடல்நீரில் ஓடும் சர்க்கரையில் பெரும்பகுதி, இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த டிரெஹலோஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருலிஃப்சன், கிம், நஸ் ஆகியோர் 2002இல் அந்த நரம்பணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். ஈயின் இளம் பருவமான புழுக்கள் வளர்ச்சி குன்றின, உடல்நீரில் சர்க்கரை ஏறியது. இன்சுலின் சுரக்காத குழந்தைக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான். பசியில் சர்க்கரையைச் சேமிப்பிலிருந்து வெளியே கொண்டுவர நம் உடலில் குளுக்ககான் என்ற ஹார்மோன் இருப்பதைப் போலவே, ஈயிடமும் அடிப்போகைனெடிக் ஹார்மோன் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சுரக்கும் செல்களை நீக்கிவிட்டால், பட்டினி போட்டாலும் ஈ உணவைத் தேடி அலைவதில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. பசித்தவனின் பரபரப்புக்கும் ஒரு ஹார்மோன் கட்டளை தேவைப்படுகிறது என்பதை நான் இந்தச் சோதனையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மரபணு வளர்சிதை மாற்றத்தை நெறிப்படுத்துகிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, அது எப்படி என்பதை ஒரே ஒரு புரதத்தைக் கொண்டு விளக்க முடியும். ஃபாக்ஸோ என்பது மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம். ஈ உண்டதும் இன்சுலின் சுரக்கிறது. அந்தச் செய்தி செல்லுக்குள் கைமாறிக் கைமாறிச் சென்று ஃபாக்ஸோவின் மீது பாஸ்பேட்டை ஒட்டவைக்கிறது. அப்படி ஒட்டப்பட்ட ஃபாக்ஸோ உட்கருவுக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது. உணவு நின்று இன்சுலின் குறைந்ததும் பாஸ்பேட் கழன்று, ஃபாக்ஸோ உள்ளே போய் மரபணுக்களின் மேல் அமர்கிறது. வரவு இருக்கும்வரை முகப்பிலேயே இருந்துவிட்டு, வரவு நின்ற நாளில் பெட்டக அறைக்குள் வந்து எந்தச் செலவை நிறுத்துவது, எந்த இருப்பை எடுப்பது என்று உத்தரவு போடும் கணக்குப்பிள்ளையின் வேலை அதனுடையது. புதிய புரதம் கட்டுவதைக் குறைக்கிறது, கொழுப்பைக் கரைக்கும் நொதியைக் கூட்டுகிறது. இவற்றோடு, இன்சுலினை ஏற்கும் ஏற்பிகளைக் கூடுதலாக உண்டாக்கும்படியும் அது கட்டளையிடுகிறது என்று 2003இல் கண்டறிந்தார்கள். அதாவது பட்டினியிலேயே, அடுத்து வரப்போகும் உணவுக்கான ஆயத்தமும் நடக்கிறது. எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கும் உடலில் இந்த ஆயத்தத்துக்கு இடமே கிடைப்பதில்லை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்சுலின் செய்தியைக் கைமாற்றும் வரிசையில் சிக்கோ என்று ஒரு மரபணு உண்டு. அது முற்றிலும் பழுதான ஈக்களின் உடல் பாதிக்கும் கீழாகச் சிறுத்துவிடுகிறது, ஆனால் உடல் எடைக்கு அவை வைத்திருக்கும் கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1999இல் காட்டினார்கள். அதே ஈக்கள் நெடுநாள் வாழ்கின்றன என்பது 2001இல் தெரிந்தது. சிறிய உடல், மிகுந்த கொழுப்பு, நீண்ட ஆயுள் மூன்றும் ஒரே பழுதிலிருந்து வருவதால், ‘நல்ல மரபணு, கெட்ட மரபணு’ என்ற பேச்சு எவ்வளவு மேம்போக்கானது என்று புரியும்.

கொழுப்பு பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வினிஃபிரட் டோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950களில் நைஜீரியாவிலிருந்து வந்த ஈக்களில், கொழுப்பை மிகுதியாகச் சேர்த்துவைத்துப் பட்டினியை நெடுநேரம் தாங்கும் ஒரு வகையைக் கண்டார். அடிபோஸ் என்று பெயரிடப்பட்ட ஒரே மரபணுவின் பழுதுதான் அதற்குக் காரணம். அரை நூற்றாண்டு கழித்து, 2007இல், அதே மரபணுவின் இணையைச் சுண்டெலியின் கொழுப்புத் திசுவில் கூடுதலாகச் செயல்பட வைத்தபோது எலிகள் மெலிந்தன. ஈயில் அதன் ஒரு நகல் மட்டும் பழுதானால் கொழுப்பு நடுத்தரமாகவும், இரண்டும் பழுதானால் மிகுதியாகவும் சேருகிறது. பஞ்சத்தில் பிழைக்க உதவும் மரபணு மிகுதிக் காலத்தில் நோய் தரும் என்று அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த கருத்தை இது நினைவூட்டலாம். தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதால்தான் நமக்கு இவ்வளவு சர்க்கரை என்று நம் ஊர் மேடைகளிலும் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். நீலின் கருத்து மனிதர்கள் விஷயத்தில் இன்னும் விவாதத்தில் உள்ளது. 1876 முதல் 1878 வரையிலான பஞ்சத்தைத் தாண்டிவந்து ஐந்தாறு தலைமுறைதான் ஆகிறது, அதற்குள் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணுவே மாறிப்போயிற்று என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நைஜீரிய ஈயிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒரே மரபணு பட்டினியில் ஒரு விதமாகவும் வளமையில் வேறு விதமாகவும் பயன்படுகிறது என்பது மட்டுமே.

முதல் வாசகருக்கான நேரடிப் பதிலை ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு தருகிறது. செல்லுக்குள் சர்க்கரை வந்திருக்கிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ற மரபணுக்களைத் தூண்ட, மோண்டோ, எம்எல்எக்ஸ் என்ற இரு புரதங்கள் இணைந்து வேலை செய்கின்றன. நம் உடலிலும் இவற்றின் இணைகள் உண்டு. எம்எல்எக்ஸ் மரபணு அறவே இல்லாத புழுக்களைச் சர்க்கரை குறைந்த தீனியில் வளர்த்தார்கள், அவை சமாளித்தன. தீனியில் சர்க்கரையை நடுத்தர அளவுக்கு ஏற்றியதும் பிழைப்பவை வெகுவாகக் குறைந்தன. வெல்லத்தின் சுவையே அறியாத புழுவுக்கும் இனிப்புத் தீனியில் விழுந்த புழுவுக்கும் மரபணுப் பழுது ஒன்றேதான். பிழைப்பதா மடிவதா என்பது தீனியில் இருந்த சர்க்கரையின் அளவோடு சேர்த்தே முடிவாயிற்று. ‘எங்கள் வம்சத்தில் இருக்கிறது’ என்று சொல்லி உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிடுகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். பெண் பார்க்கப் போகும் வீட்டில் சர்க்கரை உண்டா என்று விசாரிப்பவர்கள் நம் ஊரில் உண்டு. அந்த விசாரணையைக் கேலி செய்ய மாட்டேன், பரம்பரைக்குப் பங்கு இருப்பது உண்மை. ஆனால் பரம்பரை உள்ளவருக்குத்தான் உணவில் கவனம் கூடுதலாகத் தேவை என்பதே இந்தப் புழுக்களிலிருந்து பெறத்தக்க முடிவு. முதல் வாசகர் அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்திருக்கிறார்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அது போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். எம்எல்எக்ஸ் தூண்டிவிடும் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தபோது, சிலவற்றின் பழுதால் புழுக்கள் சர்க்கரையைத் தாங்க முடியாமல் போயின, ஆனால் உடல்நீரில் குளுக்கோஸ் ஏறவில்லை. இரத்தத்தில் ஓடும் சர்க்கரையின் அளவும், உடல் சர்க்கரையைத் தாங்கும் திறனும் தனித்தனியே கெடக்கூடியவை என்று இதற்குப் பொருள். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி காட்டும் எண்ணை மட்டுமே உடல்நலத்தின் முழு அளவாகக் கொள்வோருக்கு இது யோசிக்கத்தக்கது. ஈயில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, மருத்துவர்கள்தான் அதைச் சொல்ல வேண்டும்.

பரம்பரை வாதத்துக்கு எதிர்ப்புறத்தில், எல்லாம் வாயடக்கம் இல்லாததால் வருகிறது என்று நோயாளியைக் குற்றவாளியாக்கும் பேச்சும் நம்மிடையே நிறைய உண்டு. அதுவும் தவறு. 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 146 வெவ்வேறு பரம்பரை ஈக்களை நான்கு வகைத் தீனிகளில் வளர்த்து, புழுக்களின் எடை, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றை அளந்தார்கள். அவற்றில் கண்ட வேறுபாட்டுக்குத் தீனியின் பங்கு தனியாகப் பார்த்தால் சிறிதாகவே இருந்தது. பரம்பரையின் பங்கும், எந்தப் பரம்பரை எந்தத் தீனியில் வளர்ந்தது என்ற சேர்க்கையின் பங்கும் மிகப் பெரிதாக இருந்தன. ஒரு பரம்பரையைக் கொழுக்க வைத்த தீனி இன்னொன்றை அந்த அளவுக்கு அசைக்கவில்லை. ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே இலைச் சாப்பாட்டை உண்டு வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு நாற்பதில் சர்க்கரை வருவதும், மற்றவர் எழுபதிலும் கந்தரப்பத்தைக் கவலையின்றி உண்பதும் நாம் காண்பதுதானே. தம்பிக்கு வந்தது ஆசையால் என்றும் அண்ணனுக்கு வராதது ஒழுக்கத்தால் என்றும் தீர்ப்புச் சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை.

கைப்பேசியில் உலவும் உணவு யோசனைகளை நான் நம்பாததற்கும் இதுவே காரணம். கவுனி அரிசி உண்டால் சர்க்கரை அண்டாது என்று ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. செட்டிநாட்டில் கவுனி அரிசியைச் சீனியும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இனிப்பாகத்தான் கிண்டுகிறோம் என்பது அதை எழுதியவருக்குத் தெரியாது போலும். கருப்பட்டியில் செய்த ஆடிக் கும்மாயம் சீனியில் செய்ததைவிடச் சுவையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்லுக்குள் போய்ச் சேரும்போது கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், அதைக் கண்டு மோண்டோ புரதம் ஏமாறப் போவதில்லை.

உணவும் மரபணுவும் நெடுங்காலம் ஒன்றையொன்று பழகிக்கொண்டால் என்ன நேரும் என்பதைக் காண, சேஷெல்ஸ் தீவுகளில் வாழும் டிரோசோபிலா செக்கெலியா என்ற உறவு ஈயைப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் நோனிப் பழத்தையே நம்பி வாழ்கிறது. நம் ஊர்ச் செம்மண் காட்டில் கேட்பாரற்று வளரும் மஞ்சணத்தி அந்த மரத்தின் நெருங்கிய உறவு. பழுத்த நோனியில் உள்ள ஆக்டனாயிக் அமிலம் மற்ற ஈக்களைக் கொல்லும், செக்கெலியாவுக்கோ அது தீங்கு செய்வதில்லை. ஆனால் அந்தத் திறனோடு ஓர் இழப்பும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை மிகுந்த தீனியில் அதன் புழுக்கள் வளர முடியாமல் தவிக்கின்றன, அதன் நெருங்கிய உறவான சிமுலன்ஸ் ஈயின் புழுக்களோ அதே தீனியில் நன்றாக வளர்கின்றன. 2018இல் வெளியான ஆய்வில், இவ்விரண்டையும் கலந்து, சர்க்கரையைத் தாங்கியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மீண்டும் மீண்டும் செக்கெலியாவோடு சேர்த்தார்கள். பெரும்பகுதி செக்கெலியாவாகவும், சர்க்கரையைத் தாங்குவதற்கு வேண்டிய பகுதிகளில் மட்டும் சிமுலன்ஸாகவும் ஈக்கள் கிடைத்தன. சர்க்கரையைத் தாங்குவது ஒரு மரபணுவின் காரியமன்று, குரோமோசோம்களின் பல இடங்களில் பரவிக் கிடக்கும் திறன் என்பது அதிலிருந்து தெரியவந்தது. சர்க்கரை நோய்க்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒருமையில் தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

உண்ணும் நேரத்துக்கும் பங்கு உண்டு. ஈயின் உடற்கடிகார மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகியோர் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பரிசுக்கு முன்பே, சச்சிதானந்த பாண்டாவின் குழு, ஈக்களுக்குத் தீனியைப் பகலில் 12 மணி நேரம் மட்டும் கொடுத்தபோது, உண்ட அளவு பெரிதும் குறையாமலேயே உறக்கம் சீரடைந்து முதுமையில் இதயத்தின் தளர்ச்சி குறைந்ததை 2015இல் காட்டியிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் பலகாரம் உண்ணும் பழக்கத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதினால் என் வீட்டாரே என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இனி இரண்டாவது வாசகரின் கேள்வி. ஈ ஆராய்ச்சி மருந்தாகி நேரே கடைக்கு வருவதில்லை. ஈக்கு இரத்தக் குழாய்கள் இல்லை, அதன் உடல்நீர் திறந்த வெளியில் ஓடுகிறது. சர்க்கரை நோயில் கண்ணும் சிறுநீரகமும் கெடும் விதத்தை முழுமையாக அதில் பார்க்க இயலாது. அதன் இன்சுலின் மூளையிலிருந்து வருகிறது, நம்முடையது கணையத்திலிருந்து. இவ்வளவு வேறுபாட்டையும் மீறி, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டு முறை வியப்பூட்டும் அளவுக்குப் பொதுவானது. ஈயின் கொழுப்புடலம், இருப்பு போதிய அளவு உள்ளது என்ற செய்தியை ஒரு புரதத்தின் வழியே மூளைக்கு அனுப்புகிறது. அந்தப் புரதம் இல்லாத ஈக்களுக்கு, மனிதரில் அதே செய்தியைக் கொண்டுசெல்லும் லெப்டின் ஹார்மோனின் மரபணுவைக் கொடுத்தபோது குறை பெருமளவு நீங்கிற்று என்று அகிலா ராஜனும் நார்பர்ட் பெரிமனும் 2012இல் எழுதினார்கள். நூறு எலிகளை வளர்க்கும் இடத்திலும் செலவிலும் பல்லாயிரம் ஈக்களை வளர்க்கலாம். ஒரு மரபணுவை ஒரு திசுவில் மட்டும், ஒரு குறிப்பிட்ட வயதில் மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். மனிதரில் எண்ணிப் பார்க்கவே முடியாத அந்தச் சோதனைகள் இல்லாமல், மேலே நான் எழுதிய எதுவும் தெரிந்திருக்காது.

இது வெளிநாட்டார் காரியம் என்றும் அவர் கருத வேண்டியதில்லை. ஒபைத் சித்திகி மும்பையில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1970களிலேயே ஈக்களின் சுவை, மணம் பற்றிய மரபணு ஆராய்ச்சியைத் தொடங்கி, பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவினார். அந்த மையத்தில் காய்த்தி ஹசன் குழுவினர், செல்லுக்குள் சேர்ந்திருக்கும் கால்சியத்தை விடுவிக்கும் ஏற்பியின் மரபணு பழுதான ஈக்கள் கொழுத்துப் போவதோடு அளவுக்கு மீறித் தின்னவும் செய்கின்றன என்று 2013இல் வெளியிட்டார்கள். மிகுதியாக உண்பதே உள்ளிருக்கும் கோளாற்றின் விளைவாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று அது.

செலவைப் பற்றிக் கேட்டதால், ஈ வளர்ப்புக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோள மாவு, வெல்லம், அகர், ஈஸ்ட் ஆகியவற்றைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறும்போது பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சிறிது புரோப்பியானிக் அமிலம் விட்டு, கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றிப் பஞ்சால் அடைக்க வேண்டும். அவ்வளவுதான் தீனி. வெல்லத்தின் வாசத்துக்கு எறும்பு வரும் என்பதால் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவோம். எங்கள் பகுதியின் உண்மையான தொல்லை சித்திரை வெயில். ஏறத்தாழ 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும், புட்டியில் ஈ இருக்கும், முட்டை பொரியாது. குளிர்சாதன வசதி இல்லாத நாட்களில், ஈர மணல் பரப்பிய தொட்டிக்குள் புட்டிகளை இறக்கி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தி, வெயில் படாத உள் அறையில் வைத்துக் காப்பாற்றுவோம். ஈத்தர் நனைத்த பஞ்சால் மயக்கி, வெள்ளைத் தாளில் கொட்டி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். வயிற்று நுனி கறுத்திருந்தால் ஆண். சிறகுகள் உடலுக்குச் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டால் மயக்கம் மீறிச் செத்துவிட்டது என்று அறியலாம், புதிய மாணவர்கள் முதல் வாரம் முழுதும் அப்படித்தான் கொன்று குவிப்பார்கள்.

மேலே சொன்ன ஆராய்ச்சியின் ஒரு சிறு பகுதியை நம் கல்லூரி மாணவர்களே கண்ணால் பார்க்க முடியும். மூன்று புட்டிகளில் மற்றவை மாறாமல் வெல்லத்தின் அளவை மட்டும் ஒன்று, மூன்று, ஆறு பங்காக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் முட்டைகளை விட வேண்டும். இனிப்பு மிகுந்த புட்டியில் புழுக்கள் புட்டிச் சுவரில் ஏறிக் கூட்டுப்புழுவாவது தாமதமாகும், வெளிவரும் ஈக்களும் சிறுத்திருக்கும். தீனியில் சுக்ரோஸை ஆறேழு மடங்கு ஏற்றினால் சாதாரண ஈயின் புழுக்களிலேயே இன்சுலினுக்கு மசியாத நிலை உண்டாகிறது என்று 2011இல் அமெரிக்காவில் காட்டியதன் எளிய வடிவம் இது. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கு அறுவைச் சோதனைகளை நிறுத்தச் சொன்ன பிறகு, பல கல்லூரிகளில் விலங்கியல் செய்முறை என்பது படம் வரைவதாகவும் கணினித் திரையைப் பார்ப்பதாகவும் சுருங்கிவிட்டது. ஈப் புட்டிகள் அந்த இடத்தை நிரப்பத் தக்கவை. பாடநூலில் மார்கனின் வெள்ளைக்கண் ஈயைப் படித்துத் தேர்வெழுதிவிட்டு, ஓர் ஈயைக்கூடக் கண்ணாடியின் கீழ் பார்க்காமல் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. செல்வத்தையெல்லாம் கல்விக்குக் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊரில் இதற்கு வெல்லமும் சோள மாவும் கிடைக்காமல் போகாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் உள்ளன. இத்தனை பேர் படிக்கும் செய்தி என்பதால், மரபணுவைப் பற்றிய கண்டுபிடிப்பு எதையும் வெளியிடும்போது அது எந்த உயிரினத்தில், என்ன உணவு கொடுத்து, ஆணிலா பெண்ணிலா, எந்த வயதில் காணப்பட்டது என்ற விவரங்களைத் தலைப்பிலே இல்லாவிட்டாலும் முதல் பத்தியிலாவது தர வேண்டும். முதல் வாசகர் அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்ததற்கு, தங்கள் கட்டுரையில் உணவைப் பற்றிய அந்த ஒரு வரி விடுபட்டுப் போனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காரைக்குடி